74 பொட்டலம் கொடுத்தோம், 5 வீட்டில் முளைத்தது: எங்கள் தோட்டத்து விதை நாளைத் திருத்திய விதம்

போன வருடம் ஆடிப்பெருக்கு அன்று எங்கள் கூட்டுத் தோட்டத்து வாசலில் மேசை போட்டு 74 விதைப் பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்தோம். காலை 8 மணிக்கு ஆரம்பித்தோம், 11 மணிக்கெல்லாம் தாம்பாளம் காலி. அன்று சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், பொட்டலம் வாங்கிப் போனவர்களில் எனக்குத் தெரிந்த 31 பேரைக் கேட்டுப் பார்த்தேன். 19 பேர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. விதைத்த 12 பேரில் 5 பேர் வீட்டில்தான் முளைத்திருந்தது. தோட்டத்தில் சேர்கிறேன் என்று பெயர் கொடுத்த 9 பேரில் தொடர்ந்து வந்தவர்கள் இரண்டே பேர்.

அந்தக் கணக்கு மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த வருடம் ஆடி பிறப்பதற்குள் எங்கெங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்தோம். செய்ததை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் ஒரு வருட அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

தோட்டம் சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம், சேர்வராயன் மலை கண்ணெதிரே நிற்கும் தெருவின் கோடியில் இருக்கிறது. 8 சென்ட் காலி மனை. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார், வீடு கட்டும்வரை பயிர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். செம்மண்தான், ஆனால் மண்வெட்டி போட்டால் நடுநடுவே வெள்ளைக்கல் தட்டுப்படும். 14 குடும்பங்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். விதைப் பொறுப்பு என்னுடையது. அதனால் முளைக்காத விதைக்கும் பொறுப்பு என்னுடையதுதான்.

பெட்டியில் இருந்த கோளாறு

மூடிப்போன டீக்கடை ஒன்றிலிருந்து பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டியை மலிவாக வாங்கி, அதைத்தான் விதைப் பெட்டியாக வைத்திருந்தோம். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று தோட்டத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினோம். பார்க்க அழகாக இருந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் விதைகள் அந்தத் தகரத்துக்குக் கீழே, கண்ணாடிக்குள்ளே கிடந்தன. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் நின்றாலே வேர்வை ஊற்றும்.

விதை உயிருள்ள பொருள். காய்ந்து கிடக்கும்போதும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். சூடும் ஈரமும் கூடினால் அந்தச் செலவு வேகமாகும். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரு மடங்காகும். நாங்கள் நேர் எதிராகச் செய்திருக்கிறோம்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. அதே செடியில் அதே நாளில் பறித்த வெண்டை விதையில் ஒரு பங்கை எங்கள் உறுப்பினர் அக்கா ஒருவர் தன் வீட்டுச் சமையலறையில், கீழ் அலமாரியில், எவர்சில்வர் தூக்குக்குள் வைத்திருந்தார். அதில் 20, கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியதில் 20 எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். தூக்கு விதையில் 16 முளைத்தது. பெட்டி விதையில் 7.

இப்போது கண்ணாடிப் பெட்டியில் மண்வெட்டிப் பிடியும் நூல்கண்டும்தான் இருக்கின்றன. விதைகள் என் வீட்டுக்கு வந்துவிட்டன. வடக்குச் சுவர் ஓரம், கட்டிலுக்குக் கீழே, வெயில் எட்டாத இடத்தில் மூடி இறுக்கமான மூன்று டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் வறுத்த அரிசி மூட்டை ஒன்று. இரண்டு கைப்பிடி அரிசியை வெறும் வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்து, மூடி போட்டு ஆறவிட்டு, துணிப்பையில் முடிந்து அடியில் வைக்க வேண்டும். அது டப்பாவுக்குள் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்து ஆறவிட்டால் அரிசி காற்றிலிருக்கும் ஈரத்தை முதலிலேயே குடித்துவிடும். சூட்டோடு வைத்தால் விதை செத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுகிறேன்.

அவரையில் வண்டு

பெட்டியைப் பழி சொல்லி முடித்துவிட முடியாதபடி இன்னொன்றும் இருந்தது. நாங்கள் கொடுத்த அவரைப் பொட்டலங்களில் சிலவற்றைப் பிரித்தபோது விதைக்குப் பதில் மாவும் வண்டும் கொட்டியதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பெரிய வருத்தம். முதல்முறை விதை வாங்கியவர் கையில் அப்படி ஒன்றைக் கொடுத்தால் அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்?

பயறு வண்டு பொட்டலத்தில் புதிதாக வந்து சேர்வது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, வயலில் காய் முற்றும்போதே அதன் மேல் முட்டை வைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு விதைக்குள் துளைத்துப் போய், தின்று வளர்ந்து, வண்டாகி, வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நாம் காயவைத்துக் கட்டும்போது விதை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உற்றுப் பார்த்தால் சில விதைகளின் தோல்மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், அது முட்டை.

இந்த வருடம் இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். பாதி அவரையை, பல்லால் கடித்தால் பள்ளம் விழாத அளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க டப்பாவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த விதைமேல் காற்று பட்டதும் நீர் கோத்துக்கொள்ளும். சரியாகக் காயாத விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து விதையே போய்விடும். மீதிப் பாதிக்கு எங்கள் தெரு அம்மாயி சொன்ன வழி. துவரைக்குச் செய்வதுபோலச் செம்மண்ணைக் கரைத்து விதையில் பூசி, வெயிலில் உலர்த்தி, பானையில் கொட்டி வைப்பது. ஆனி கடைசியில் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன், இரண்டிலும் வண்டு இல்லை. ஃப்ரீசர் வசதி. ஆனால் செம்மண் கட்டிய விதையைப் புதியவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேட்டு, அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அதனால் அடுத்த வருடமும் இரண்டு வழியும் தொடரும்.

சுரை கலந்துபோனது

இது நாங்கள் தெரியாமல் செய்த தவறு. தோட்டத்தில் நீளச் சுரையும் குடுவைச் சுரையும் முப்பதடி இடைவெளியில் படர்ந்திருந்தன. நீளச் சுரையில் விதை எடுத்து, நீளச் சுரை என்று எழுதித்தான் கொடுத்தோம். முளைத்த வீடுகளில் ஒன்றில் காய் கழுத்துச் சிறுத்து, அடி பெருத்து, இரண்டுக்கும் நடுவாக வந்தது. சாப்பிட நன்றாகத்தான் இருந்ததாம். ஆனாலும் நாங்கள் எழுதிக் கொடுத்தது ஒன்று, வந்தது ஒன்று.

சுரையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. வெள்ளைப் பூ சாயங்காலம் விரியும், அந்துப்பூச்சியும் தேனீயும் மகரந்தத்தை எங்கிருந்தும் எங்கும் கொண்டுபோகும். முப்பதடி அவற்றுக்கு ஒரு தூரமே இல்லை. பக்கத்துத் தெரு மாடியில் குடுவைச் சுரை இருந்தாலும் கலக்கும். எனவே விதைக்கென்று விடும் காய்க்கு நாமே பூக்கட்டிச் சேர்க்க வேண்டும்.

சாயங்காலம் நாலரை, ஐந்து மணிவாக்கில் கொடியைப் பார்த்தால் அன்று விரியப்போகும் மொட்டு தெரியும். நுனி வெளுத்து, லேசாகப் பிரிவதுபோல இருக்கும். பெண் மொட்டுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும், ஆண் மொட்டு நீளக் காம்பில் தனியாக நிற்கும். இரண்டின் நுனியையும் விரியாதபடி தையல் நூலால் லேசாகக் கட்டிவிட வேண்டும். இருட்டுகிற நேரத்தில் போய் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுமுடியில் தடவ வேண்டும். வேறு கொடியின் ஆண் பூ என்றால் இன்னும் நல்லது. தடவியதும் பெண் பூவின் இதழை மறுபடி நூலால் மூடிவிட வேண்டும். காம்பில் சிவப்பு நூல் ஒன்று. சிவப்பு நூல் கட்டிய காயை யாரும் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். ஓடு கெட்டியாகிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும்வரை கொடியிலேயே கிடக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. சுரைக்காயைச் சமைக்கும் முன் ஒரு துளி நுனியில் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை அப்படியே எறிந்துவிட வேண்டும். கசக்கிற சுரையில் நச்சு இருக்கிறது, சாறாகக் குடித்தவர்கள் உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. கசந்த காயிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது.

எண்ணாமல் கொடுப்பதில்லை

பொட்டலம் போடும் முன் ஒவ்வொரு விதையிலும் 20 எடுத்து முளைப்புப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, வரிசையாக விதை வைத்துச் சுருட்டி, டிபன் பாக்ஸில் வைத்து மூடியை லேசாகத் திறந்து வைப்பேன். தினமும் காலையில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். தட்டைப்பயறு மூன்றாம் நாளே வால் விட்டுவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம்வரை பொறுமை வேண்டும்.

இதைச் செய்வதை அம்மாயி பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, முளைப்பாரி போடறது சாமிக்கு மட்டும்னு நெனச்சியா? வீட்டுல கெடக்கற வெதை உசுரோட இருக்குதான்னு ஆடியில பார்த்துக்கறதுக்குந்தான்" என்றார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கூடுகிறபோது முளைப்பாரியை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை.

அரசு சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதில் மேலே இருக்கும் 70-ஐயே எல்லா விதைக்கும் கோடாக வைத்துக்கொண்டோம். 20 விதையில் 14 அல்லது அதற்கு மேல் முளைத்தால் பொட்டலம். அதற்குக் கீழே போனால் வெளியே கொடுப்பதில்லை, தோட்டத்திலேயே நெருக்கமாகத் தூவி, வந்ததை வைத்து விதையைப் புதுப்பித்துக்கொள்கிறோம். இந்த ஆனியில் தண்டுக்கீரை, கொத்தவரை, தட்டைப்பயறு, அவரை, புது வெண்டை ஐந்தும் தேறின. தக்காளி தேறவில்லை. அதற்கும் காரணம் நான்தான். தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு போவதற்காகச் சாறோடு புளிக்கவிடுவோம், அந்த வழவழப்புதான் விதையை முளைக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாள் போதும். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஐந்தாம் நாள் வந்து பார்த்தேன், பாதி விதை கிண்ணத்துக்குள்ளேயே முளைவிட்டிருந்தது.

பொட்டலத்தில் என்ன எழுதுகிறோம்

முதலில் ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சியதைக் குட்டிப் பைகளாகத் தைத்தேன். அழகாக இருந்தது, எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் தையல் இடுக்கில் கீரை விதை வழிந்துவிடுகிறது, எழுதவும் முடியவில்லை. காக்கித் தாளுக்கே திரும்பினோம். நாட்டு மருந்துக் கடையில் மடிப்பதுபோலப் பசை இல்லாமல் மடிப்பது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒரே சாயங்காலத்தில் நூறு மடித்துக் கொடுத்தான்.

மேலே எழுதுவது: என்ன பயிர், யார் வீட்டில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது, இருபதில் எத்தனை முளைத்தது, எவ்வளவு ஆழம். ஆழத்துக்கு எளிய கணக்கு, விதையின் கனத்தைப்போல இரண்டு மடங்கு. அவரை என்றால் விரல்நுனி அளவு. கீரை விதையை மண்ணுக்குள் புதைக்கவே கூடாது, மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகக் கலைத்துவிட்டால் போதும்.

விதை எண்ணிக்கையைக் குறைத்தோம். போன வருடம் கை கொண்ட மட்டும் அள்ளிப் போட்டோம். இந்த வருடம் அவரை 6, வெண்டை 15, கொத்தவரை 15, தட்டைப்பயறு 15, கீரை ஒரு சிட்டிகை. நிறைய இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைக்கத் தோன்றும். ஆறே ஆறு விதையைக் கையில் வைத்திருந்தால் நாளைக்கே குழி தோண்டத் தோன்றும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை இதில் சேர்ப்பதில்லை. அடுத்த தலைமுறை தாயைப்போல வராது, ஒவ்வொரு செடி ஒவ்வொரு விதமாகப் பிரிந்துவிடும். கடை விதையில் இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ மருந்து பூசியிருப்பார்கள். அதை எங்கள் டப்பாவோடு கலக்கவிடுவதும் இல்லை, குழந்தைகள் கையில் கொடுப்பதும் இல்லை.

புதிதாக வந்த ஒருவர், "இப்படி விதையைக் கைமாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் போட்ட விதையாக விற்கத்தான் தடை. எங்கள் பொட்டலத்தில் விலையும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை.

பூட்டு

சேர்கிறேன் என்று சொன்ன 9 பேரில் 7 பேர் ஏன் நின்றார்கள்? சோம்பல் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். தப்பான முடிவு. ஒவ்வொருவராகக் கேட்டபோது நான்கு பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி ஒருவர் வீட்டில் இருக்கும். பழைய ஆட்களுக்கு அந்த வீடு தெரியும், கதவைத் தட்டிக் கேட்போம். புதிதாக வந்தவர் முன்பின் தெரியாத வீட்டில் காலை 6 மணிக்கு எப்படிப் போய்ச் சாவி கேட்பார்? இரண்டு முறை திரும்பிப் போனவர் மூன்றாம் முறை வருவதில்லை.

எண் பூட்டு வாங்கி மாட்டினோம். எண் 14 குடும்பத்துக்கும் தெரியும், புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம். இந்த வருடம் செய்த எல்லாத் திருத்தத்திலும் சின்னச் செலவு இதுதான், பெரிய பலனும் இதில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்தைச் சொன்னவர் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பெண். "அக்கா, எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. தினமும் காலையில் தண்ணி ஊத்தணும்னு சொன்னீங்க. என்னால முடியாதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். அது எங்களுக்கு உறைத்தது. புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் விதிமுறை சொல்லியிருக்கிறோம், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கொடுத்த இடமோ குழாயிலிருந்து தூரத்தில், கோரைப்புல் மண்டிய மூலை. பழையவர்கள் எல்லோரும் குழாய்க்குப் பக்கத்திலேயே பாத்தி வைத்துக்கொண்டு புதியவருக்குக் கோரையைக் கொடுத்திருக்கிறோம்.

ஆனியில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து, குழாய் ஓரத்தில் நாலடிக்கு ஆறடியாக எட்டுப் பாத்தி கொத்தி, மக்கிய சாணம் போட்டுத் தயாராக வைத்தோம். என் பாத்தியும் இன்னும் இரண்டு பேர் பாத்தியும் மூலைக்குப் போனது. ஒவ்வொரு புதியவருக்கும் பழையவர் ஒருவர் துணை. இருவரில் யாருக்கு எந்த நாள் முடியும் என்று கொட்டகைச் சிலேட்டில் எழுதிக்கொள்வது. அந்தச் செவிலியப் பெண்ணுக்குத் துணை நான்.

ஆடி 1

இந்த முறை ஆடிப்பெருக்கு வேண்டாம், அன்று பாதிப் பேர் மேட்டூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று ஆடி முதல் தேதிக்கே மாற்றினோம். அன்றைக்குத்தான் நம் சேலத்தில் தேங்காய் சுடுவது. வாசலில் தீ மூட்டினால் யாரையும் தனியாக அழைக்க வேண்டியதில்லை, குழந்தைகள் வந்துவிடுவார்கள், பின்னாலேயே பெரியவர்களும் வருவார்கள். அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் பச்சைப்பயறும் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் குத்தி, தெருவே சேர்ந்து சுட்டோம். ஒரு வீட்டிலிருந்து தட்டுவடை செட் வந்தது. மறுநாள் ஆறிய சாம்பலைச் சலித்து டப்பாவில் எடுத்து வைத்தேன், புடலை விதையில் கலந்து வைக்க உதவும்.

விதை மேசையில் யாருக்கும் பொட்டலத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. முதலில் மூன்று கேள்வி. எங்கே வைக்கப்போகிறீர்கள், அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழும், வீட்டில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறு மணி நேர வெயில் இருந்தால் வெண்டை, கொத்தவரை. இரண்டு தொட்டி மட்டும் இருக்கிற மாடிக்குக் கீரை. வேலி இருந்தால் அவரை. கத்தரி, மிளகாய் கேட்டவர்களுக்கு விதை கொடுக்கவில்லை. அந்தச் சின்ன நாற்று இரண்டு வாரத்தில் வாடி விழுந்து மனதை உடைத்துவிடும். நாங்களே நாற்று விட்டு, ஆடி கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். அது அவர்கள் மறுபடி வருவதற்கும் ஒரு காரணமாயிற்று. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருந்த ஒருவர் வெண்டை கேட்டார். மேலே குளிருக்கு வெண்டை சுணங்கும் என்று சொல்லி அவரை விதை கொடுத்தோம்.

அடுத்தது இந்த வருடத்தின் முக்கியமான மாற்றம். சேர விரும்பியவர்கள் அன்றைக்கே, அங்கேயே, தங்கள் பாத்தியில் தண்டுக்கீரை தூவிவிட்டுத்தான் போனார்கள். மணலோடு கலந்த விதையை முதல்முறை தூவும்போது கை ஒரே இடத்தில் கொட்டும். பரவாயில்லை. "பத்தாம் நாள் வாங்க, கலைக்கணும்" என்று மட்டும் சொன்னோம். தண்டுக்கீரையைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். மூன்று நான்கு நாளில் முளை தெரியும். பத்தாம் நாள் நெருக்கமாக வந்ததைப் பிடுங்கிக் கலைக்க வேண்டும், பிடுங்கிய இளங்கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டு வைக்கலாம். இருபத்தைந்தாம் நாளுக்கு மேல் முழு அறுவடை. ஒரு மாதத்துக்குள் மூன்று முறை தோட்டத்துக்கு வரவும் இரண்டு முறை சமைக்கவும் வைக்கிற பயிர் வேறு எது இருக்கிறது? அவரையைக் கொடுத்திருந்தால் தை மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

திருப்பித் தருவது பற்றியும் பேசினோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி வந்தவர், 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன். 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகக் கொண்டுவரச் சொல்வார். அதையே நாங்களும் பிடித்துக்கொண்டோம். 15 வாங்கினால் 30. எங்களிடம்தான் தர வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் கணக்கு நேர். இதைக் கட்டாயமாக்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் வேண்டாம் என்றேன். விளையாமல் போனவர் கடன்காரர்போலத் தெருவில் ஒதுங்கிப் போக ஆரம்பித்தால் விதை கொடுத்ததன் பலனே போய்விடும்.

புரட்டாசி வரை

அன்று 43 பொட்டலம் போனது, 8 பேர் சேர்ந்தார்கள். பத்தாம் நாள் 7 பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஊர் மாற்றலாகிவிட்டது. கீரை கலைக்கும்போது எது களை எது கீரை என்று கேட்டுக் கேட்டு, துணைக்கு நின்ற பழையவர்களுக்கும் பெயர் தெரியாத நாலு செடி வெளிவந்தது. அம்மாயி வந்து, பிடுங்கிப் போட்ட குப்பையிலிருந்து சாரணைக்கீரையைத் தனியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த வாரம் தோட்டத்தில் நடந்தபடியே அவரிடம் ஒரு பாடம் கேட்கலாம் என்று புதியவர்கள் சொன்னார்கள், சொன்னபடி கேட்டும்விட்டார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆவணியில் இரண்டு நாள் விடாமல் பெய்ததில் குழாய் ஓரத்துப் பாத்திகளில் தண்ணீர் நின்று, மூன்று பேரின் கொத்தவரை அழுகியது. நல்ல இடம் என்று கொடுத்தோமே தவிர, அது பள்ளம் என்பதைக் கவனிக்கவில்லை. வடிகால் வெட்டி, மேட்டுப்பாத்தியாக மாற்றினோம். அழுகியவர்களுக்கு அன்றைக்கே மறுவிதை கொடுத்தோம். அதற்கென்று ஒவ்வொரு விதையிலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது நல்லதாயிற்று.

பொட்டலம் வாங்கிப் போனவர்களில் 30 பேரை இதுவரை கேட்டுவிட்டேன். 22 பேர் விதைத்திருக்கிறார்கள், 18 வீட்டில் முளைத்திருக்கிறது. விதைக்காத 8 பேரையும் மறுபடி பார்க்க வேண்டும். கார்த்திகைக்கு முன்னால் கொத்தவரை தவிர்த்து வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திரும்பி வந்த விதை தட்டைப்பயறு, போன வாரம். செவிலியப் பெண் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், காய்ந்த நெற்றுகளை மாத்திரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உரித்தால் 41 விதை இருந்தது. 20 எடுத்து ஈரத்துணியில் வைத்தேன், 19 முளைத்தது. சிலேட்டில் எழுதிவிட்டேன்.

நீளச் சுரை பூவெடுத்துவிட்டது. பின்தெரு மாடியில் குடுவைச் சுரை இருப்பதைப் பார்த்துவிட்டேன், எனவே இந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் பூக்கட்டும் வேலை. புதியவர்களில் மூன்று பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். சிவப்பு நூலை ஒரு சாண் அளவாக வெட்டிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.